ஏதாவது இருந்தால் போன் பண்ணுவோம்

7.1.2025, செவ்வாய்

மனைவியின் கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுத்தாகிவிட்டது. உள்ளே இருந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. அதற்காக விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி மாலை நான்குக்கு வீடு வந்தோம். ஊசியை அழுத்தும்போது டக் டக் என்று சத்தம் வந்ததாம். அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வலித்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

முடிவு மூன்று வாரத்தில் வரும் என்றார் டாக்டர். கவுண்டரில் இருந்த பெண் காலண்டரைப் பார்த்தாள். இந்தக் கிளினிக் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். மூன்று வாரம் என்றால் 28, சீனப் பெருநாளுக்கு முதல் நாள், கிளினிக் கிடையாது. 4ஆம் தேதி நிரம்பிவிட்டது. 11 தைப்பூசம். கடைசியில் பிப்ரவரி 18 என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அரை நிமிடத்தில் மூன்று வாரம் ஆறு வாரமாகிவிட்டது. அவளிடம் கோபப்பட்டு என்ன செய்ய? தைப்பூசத்தை அவளா செவ்வாய்க்கிழமையில் வைத்தாள்?

"ஏதாவது இருந்தால் முன்னாடியே போன் பண்ணுவோம்" என்றாள்.

8.1

பெரியவளுக்கு எஸ்.பி.எம்., ஐந்தாம் படிவப் பரீட்சை, நடக்கிறது. சாதாரணக் கட்டி, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

10.1, வெள்ளி

என் கொதிப்பு மாத்திரைக்காகக் அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனேன். என் நம்பர் 2037. திரையில் 1062 வருகிறது, அப்புறம் 3011, அப்புறம் 1063. இனிப்பு நீர், கொதிப்புக்காரர்களுக்கு ஒரு வரிசை, காய்ச்சலுக்கு ஒன்று, புண்ணுக்கு மருந்து கட்ட ஒன்று. அது அங்கே யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த தாத்தா கொதித்துப் போனார். "எனக்கப்புறம் வந்தவன் மருந்தே வாங்கிட்டுப் போய்ட்டான், நான் இன்னும் இங்கே உக்காந்திருக்கேன்." நர்ஸ் மிஸ்ஸி மலாயில் விளக்கினாள். தாத்தா தமிழில் திட்டினார். இரண்டு பேரும் களைத்துப் போனதும் நம்பர் வந்துவிட்டது.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்துக்கு இவ்வளவு பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். தாத்தாவுக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது, அறுபது தாண்டியவர். ஆனால் அவரைக் கூட்டி வந்த மகன் தோட்டத்தில் நாள்கூலி. இன்று பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, போகவில்லை. அந்தக் காசு எந்த ரசீதிலும் வராது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் போனில் சத்தம் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

11.1

05 என்று தொடங்கும் நம்பரிலிருந்து அழைப்பு. ஆஸ்பத்திரி நம்பரும் அப்படித்தான் தொடங்கும். டயர் கடை. சொல்லி வைத்திருந்த டயர் வந்துவிட்டதாம். சரி சரி என்று வைத்துவிட்டு, செம்பனை மில்லில் எடை போட்ட லாரியின் நம்பரைத் தப்பாக எழுதினேனா என்று மூன்று தடவை பார்த்தேன்.

14.1, பொங்கல்

வாசலில் அடுப்பு மூட்டி வைத்தோம். பொங்கலோ பொங்கல் என்று அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். இடது கையைத் தூக்கவில்லை.

அம்மா வந்திருந்தார். ஆஸ்பத்திரி என்று பேச்சு எடுத்தால் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரசர் காலத்துக்குப் போய்விடுவார். பெரட்டிலேயே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வேலைக்குப் போ அல்லது லயத்துக்குப் போ என்று டிரசர் சொல்லிவிடுவாராம். "இப்படி மணிக்கணக்கா உக்காரத் தேவையே இல்ல." சரிதான். ஆனால் காத்திருந்தால் கிடைக்க அப்போது என்ன இருந்தது? எல்லாக் காய்ச்சலுக்கும் அதே கசப்புத் தண்ணீர். பெரியம்மா வயிற்று வலி என்று படுத்து பதினைந்து நாளில் போனதும் அம்மாவின் கதைதான். ஆனால் அதை வேறு நாளில் சொல்வார்.

16.1

எதிர் வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார். பேக்கா பி40 என்கிற அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தில் இருக்கிறீர்களா, அதில் கேன்சர் சிகிச்சையை முழுசாக முடித்தால் 1,000 வெள்ளி கொடுப்பார்கள், போய் வர 500 வெள்ளி வரைக்கும் தனியாகக் கிடைக்கும், பாரத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. எல்லாம் உண்மைதான், 2019-லிருந்து இருக்கிற திட்டம். நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அந்த வார்த்தையை இதுவரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ராத்திரி அவளே கேட்டாள்: "அக்கா என்ன பாரம் பத்திப் பேசினாங்க?"

ரேஷன் பாரம் என்றேன்.

17.1

மில்லில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, பிப்ரவரி 1-லிருந்து 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம். யாருக்கு எவ்வளவு ஏறும் என்று பழக்குலை லாரிகளுக்கு நடுவில் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு வேறு கணக்கு. தனியாரிடம் போயிருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும் என்கிறான் போர்மேன். ஈ.பி.எஃப். சேமநிதியின் மூன்றாவது கணக்கில் எடுத்துக்கொள்ளலாமே என்கிறான். அதில் இருந்தது போன வருஷமே காரின் கியர்பாக்ஸுக்குப் போனது. அந்தக் கார் ஓடுவதால்தான் ஆஸ்பத்திரிக்காவது போக முடிகிறது.

அப்படியே தனியாரிடம் கண்டுபிடித்துவிட்டால்? மீதி வைத்தியத்துக்குத் திரும்ப இங்கேதான் வர வேண்டும். தெரிந்துகொள்வதற்கு மட்டும் காசு கொடுப்பதா?

கொடுக்கலாம் என்றுதான் இன்று தோன்றுகிறது.

20.1, திங்கள்

கிளினிக் நம்பருக்குப் போன் செய்தேன். அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிடுகிறது. மதியம் யாரோ எடுத்து, வேறு எண்ணுக்கு மாற்றி, அங்கேயும் அடித்து நின்றது.

21.1, விடியற்காலை

நேற்று இரவு எட்டு மணிக்கு மேல் ஊசி போட்ட இடம் சிவந்து, உடம்பு அனல். எமர்ஜென்சிக்குப் போனோம். வாசலில் ஒரு மிஸ்ஸி காய்ச்சல், நாடி, பிரஷர் பார்த்து, பச்சை என்று எழுதினாள். சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை என்றால் உட்கார்.

உட்கார்ந்தோம். குளிர்சாதனம் அப்படி ஒரு குளிர். அவள் என் மில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். அது செம்பனை எண்ணெய் வாடை, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பையன், மூச்சு இழுக்கும் கிழவி, காதுக்குள் பூச்சி போன குழந்தை. குழந்தையின் அப்பா மூன்று முறை கவுண்டரில் போய்ச் சண்டை போட்டார். நானும் ஒருமுறை எழுந்தேன். மணி பன்னிரண்டரை. கவுண்டர் வரைக்கும் போய் என்ன கேட்பது என்று நிற்கும்போது பின்கதவு திறந்து ஒரு வங்காளதேசத்துப் பையனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அறுப்பு வேலை செய்கிறவன், மட்டை தலையில் விழுந்ததாம். அவனிடம் யாரும் நம்பர் கேட்கவில்லை. நேரே சிவப்புக்கு. கூட வந்த மண்டோர் கையில் அவனுடைய ஒற்றைப் பூட்ஸ்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் "என்ன சொன்னாங்க?" என்றாள். "நமக்கு ஒண்ணும் அவசரம் இல்லையாம்" என்றேன். இங்கே கூப்பிடாமல் விட்டு வைப்பதே ஒரு நல்ல செய்திதான் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். சின்னப் பெண் டாக்டர், நம்மவள். ரத்தம் கட்டியிருக்கிறது, கொஞ்சம் சீழ் பிடிக்கப் பார்க்கிறது, ஆன்டிபயாட்டிக் போதும் என்றாள். நேற்றுக் காலையிலிருந்து வேலையில் நிற்கிறாளாம். கான்ட்ராக்ட்தானா என்று கேட்டேன். "ஆமா அங்கிள், 2021-ல கான்ட்ராக்ட் டாக்டருங்க கறுப்புச் சட்டை போட்டு வெளிய வந்தாங்களே, அப்ப நான் படிச்சிக்கிட்டிருந்தேன். இப்ப நானும் அதே கான்ட்ராக்ட்தான்." கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் சிங்கப்பூருக்கு மனுப் போட்டிருக்கிறார்களாம். நீ? சிரித்துவிட்டு அடுத்த பைலை எடுத்தாள்.

கம்ப்யூட்டரில் முடிவு வந்திருக்கிறதா பார்க்கச் சொல்லிக் கேட்டேன். தட்டிப் பார்த்தாள். "இன்னும் ஏத்தல." அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை.

22.1

போன் வரவில்லை. நல்லது.

23.1

வரவில்லை. காய்ச்சல் விட்டது. மதியம் மீன் குழம்பு வைத்தாள். புளி கூடிப்போய்விட்டது, ஆனால் மூன்று தட்டும் காலி. மூன்று வாரம் முடிய இன்னும் ஐந்து நாள்தான், ஏதாவது இருந்திருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருப்பார்கள். பெரியவளைப் பரீட்சைக்கு விட்டுவிட்டு வரும் வழியில் தைப்பூசத்துக்கு எந்தக் கோயில் என்று பேசினோம். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கே போகலாம் என்றாள். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்றேன். "எனக்கு என்ன கேடு" என்றாள்.

24.1, வெள்ளி

மணி 11.20. எடைமேடையில் நான்கு லாரி நிற்கிறது. 05.

பிப்ரவரி 18-ஐ மாற்றி வைத்திருக்கிறார்களாம். வருகிற திங்கள், 27. காலை எட்டு மணிக்கு. நான் சொன்னேன்: "திங்கட்கிழமை கிளினிக் இல்லையே?" இல்லைதான், டாக்டர் தனியாகப் பார்க்கிறார், நம்பர் எடுக்க வேண்டாம், நேரே மூன்றாவது அறைக்கு வரச் சொன்னார் என்றாள். மிகவும் மரியாதையாகப் பேசினாள். கணவரும் கூட வர முடியுமா என்று கேட்டாள். நான்தான் கணவர் என்றேன்.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

25.1

சொல்லிவிட்டேன். "நம்பர் எடுக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டாள்.

26.1, ஞாயிறு

தவுக்கே, எங்கள் முதலாளி, பெருநாளுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருந்தார். அம்மா வீட்டுக்கு, எதிர் வீட்டுக்கு என்று அவள் பிரித்து வைத்தாள். எதிர் வீட்டு அக்காவிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்து, வெகுநேரம் நின்று பேசினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பாரம். என்னிடம் காட்டவில்லை, ஆஸ்பத்திரிப் பைலில் வைத்தாள்.

ஐ.சி. (அடையாள அட்டை) நகல் இரண்டு வேண்டுமாம் அதற்கு. ஜெராக்ஸ் கடைச் சீனர் ஊருக்குப் போய்விட்டார். நாளைக்குப் போகிற வழியில் மில் ஆபீசில் எடுத்துக்கொள்ளலாம், நைட் கிராணியிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் நாலரைக்கே கிளம்ப வேண்டும். பெரியவளிடம் என்ன சொல்வது என்று இன்னும்