எந்த கேனை அலசணும், எந்த பாட்டிலை அலசக் கூடாது

திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பல வீடுகளில் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. அதனால் ஒரு மாதிரி மட்டும் பரிசோதனைக்குக் கொடுத்தால் ஒன்றும் விளங்காது. போர், தெருக்குழாய், சமையலறைக் குழாய் என்று மூன்று இடத்திலும் எடுத்தோம். தெருக்குழாயில் இல்லாத கிருமி சமையலறையில் வந்தால் கோளாறு வீட்டுத் தொட்டியில் என்று அர்த்தம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் திருநெல்வேலியில் இருக்கிறது. ரசாயனப் பரிசோதனைக்கு 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் வாய் வரை நிரப்ப வேண்டும்.

கிருமிப் பரிசோதனைக்கு நேர் எதிர். அதற்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்க வேண்டும். உள்ளே சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் இருக்கும். தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்கத்தான் அது. "சுத்தமா இருக்கட்டும்" என்று அலசினால் அது போய்விடும். போகிற வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட தண்ணீர் நல்ல ரிப்போர்ட்டோடு திரும்பி வரும். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, மேலே ஒரு இஞ்ச் காலி விட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள்: கிருமி வளர்த்துப் பார்க்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும், நடுவில் விடுமுறை வந்துவிடும்.

ரிப்போர்ட்டில் முதலில் எல்லோர் கண்ணும் டி.டி.எஸ். மேல்தான், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு மேல்தான் போகும். இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை ஏற்கலாம். எங்களைக் கேட்டால் முதலில் நைட்ரேட்டைப் பாருங்கள். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் சலுகையே கிடையாது. நிறமும் இல்லை, ருசியும் இல்லை. பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. இந்தப் பக்கத்துச் சிவப்புத் தேரி மணலில், நைட்ரேட்டைக் கொண்டுவரும் செப்டிக் டேங்க் கசிவு சீக்கிரம் கீழே இறங்கும், போர் பக்கத்தில் இருந்தால் அங்கேதான் போய்ச் சேரும். கொதிக்க வைத்தால் நீர் வற்றி நைட்ரேட் இன்னும் கூடும். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவே கூடாது. ஃப்ளோரைடும் கொதித்துப் போகாது. அதற்கு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் அதிகபட்சம் 1.5. கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டுமே மருந்து.

தெருக்குழாயிலேயே கிருமி வந்தால், இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது காரணமாக இருக்கலாம். லைனில் அழுத்தம் இல்லாதபோது உடைந்த இடம் வழியாகச் சாக்கடை உள்ளே ஏறும். தண்ணீர் திறந்த முதல் ஐந்து நிமிடத்தை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

தொட்டிக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம். குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துச் சமையலறைக் குழாயில் குளோரோஸ்கோப் (மிச்சக் குளோரினை நிறத்தால் காட்டும் சின்னக் கருவி) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்டணும். காட்டாவிட்டால் அது கட்டு பிரிந்து கிடந்து வீரியம் போன பழைய பவுடராக இருக்கும், இல்லையென்றால் அடிச்சேறு குளோரினைத் தின்கிறது. பவுடரைக் கூட்டுவதற்கு முன் தொட்டியைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்.