2012ஆம் ஆண்டு மடிக்கணினிக்கு வைஃபை கார்டு மாற்றிய அனுபவம்

என்னிடம் இருக்கும் மடிக்கணினி 2012இல் வெளிவந்தது. மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், பிற்பாடு நானே மாற்றிய எஸ்எஸ்டி, அதன் மேல் லினக்ஸ் மின்ட் இயங்குதளம். கட்டுரை எழுதவும், கணக்குப் பார்க்கவும், வாரத்தில் இரண்டு முறை காணொளிக் கூட்டத்தில் அமரவும் இது போதும் என்பதால் புதியது வாங்கும் எண்ணமே எழவில்லை. வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வந்த பிறகுதான் குறை தெரியத் தொடங்கியது. மேசையின் மேல் அருகருகே வைத்துச் சோதித்தால் கைபேசி 90ஐத் தாண்டிக் காட்டும். மடிக்கணினி பகலில் 20, மாலை ஏழு மணிக்கு மேல் 7 அல்லது 8 என்று திணறும்.

எல்லோரையும் போல நானும் முதலில் ரவுட்டரின் மீதுதான் பழியைப் போட்டேன். அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன், ஜன்னலோரம் நகர்த்தினேன், இரண்டு முறை ரீசெட் செய்தேன். கடைசியில் ஒரு லேன் கேபிளை நேரடியாகச் செருகிப் பார்த்தபோது அதே மடிக்கணினி 94 காட்டியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது. இணைப்பும் ரவுட்டரும் கணினியும் சரியாக இருக்கின்றன, இடையிலுள்ள வைஃபை கார்டு ஒன்றுதான் தடை என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

என் கணினியில் இருந்த கார்டு 802.11என் என்ற பழைய வைஃபை தரத்தைச் சேர்ந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும், அதுவும் ஒரே ஆன்டெனாவில் இயங்குவது. 2009இல் உறுதி செய்யப்பட்ட அந்த 802.11என் தரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் இல்லை என்பதால், விலை குறைந்த மாடல்களில் அதை விட்டுவிட்டார்கள். பெட்டியில் போட்டிருந்த 150 எம்பிபிஎஸ் என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் மட்டும் வரும் கணக்கு. நெரிசலான இடத்தில் ரவுட்டர் 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கிவிடும்; அப்போது உச்சமே 72தான், அதிலும் ஏறத்தாழ பாதிதான் நம் பயன்பாட்டுக்கு வந்து சேரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. எங்கள் அடுக்குமாடியில் ஒரு மாலை தேடிப் பார்த்தபோது 27 வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. அத்தனையும் அந்த மூன்று சேனல்களுக்குள்தான் முட்டி மோத வேண்டும். ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. எனக்கு வேண்டியது மிகப் புதிய கார்டு அன்று, நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த எந்தக் கார்டும் போதும் என்ற தெளிவு இந்தக் கட்டத்திலேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை, அதற்கான விலையைக் கொடுத்தேன்.

யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது என்று நண்பர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் என் கையில் நீண்ட நாள் தங்கியதில்லை.

கணினியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது மினி பிசிஐஇ எனும் பழைய செருகு வகையைச் சேர்ந்த அரை நீளக் கார்டு: சுமார் 30 மில்லிமீட்டருக்கு 27 மில்லிமீட்டர், 52 முனைகள். இப்போது வரும் வைஃபை கார்டுகள் பெரும்பாலும் எம்.2 வகை, 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை, செருகுமிடமே வேறு. சென்னை ரிச்சி தெருவில் நான் முதலில் ஏறிய கடையில் எம்.2 வகையான இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டையும், அதை மினி பிசிஐஇ செருகியில் பொருத்த உதவும் ஒரு சிறு அடாப்டரையும் சேர்த்துக் காட்டினார்கள். அடாப்டருடன் சேர்ந்தால் உயரம் கூடிவிடும். விசைப்பலகைக்கு அடியில் எனக்கு இருந்த இடைவெளி அதற்குப் போதாது. தவிரவும், எம்.2 கார்டுகளின் ஆன்டெனா இணைப்பான் பழைய கார்டுகளில் உள்ளதைவிடச் சிறியது, என் கணினியின் வயர்கள் அதில் உட்காரா. மூன்றாவது கடையில் பழைய சரக்காக இன்டெல் 7260 அரை நீளக் கார்டு கிடைத்தது. 802.11என்னுக்கு அடுத்து வந்த 802.11ஏசி தரம், இரண்டு ஆன்டெனா, உச்ச வேகம் 867 எம்பிபிஎஸ், கூடவே ப்ளூடூத். 750 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு, பெரிய லாபம் அடைந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

பொருத்தி முடித்து மின்பொத்தானை அழுத்தியதும் நிறுவனத்தின் சின்னம் வந்தது. அடுத்து கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. அனுமதிக்கப்படாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது, கணினியை அணைத்து அதை எடுத்துவிடுங்கள் என்பது அதன் சாரம். அதற்கு மேல் கணினி ஓர் அடிகூட நகர மறுத்தது. மதர்போர்டையே கெடுத்துவிட்டேனோ என்று சில நிமிடங்கள் வியர்த்துவிட்டது. பழைய கார்டைத் திரும்பப் பொருத்தியதும் ஒன்றுமே நடவாததுபோல லினக்ஸ் திறந்தது.

சில தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்து மாடல்களின் பயாஸிலேயே, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளிலேயே, அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலை வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றிரவுதான் தெரிந்துகொண்டேன். கணினி தொடங்கும்போது பயாஸ், கார்டின் அடையாள எண்களைப் படித்து அந்தப் பட்டியலோடு ஒப்பிடும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும். ஆன்டெனாவும் கார்டும் சேர்ந்த கூட்டுக்குத்தான் வானொலி அலை தொடர்பான சான்றிதழ் பெறப்படுகிறது, அதனால் வேறு கார்டை அனுமதிக்க இயலாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் இந்தத் தடை இல்லாமலே மடிக்கணினி விற்கும் நிறுவனங்கள் அன்றும் இருந்தன என்பதால் என்னால் அந்தக் காரணத்தை முழுதாக ஏற்க முடியவில்லை. பட்டியல் நீக்கப்பட்ட பயாஸை ஏற்றிவிடும் வழியும் இருக்கிறது. மதர்போர்டில் உள்ள எட்டுக்கால் சிப்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளிப்பும், சிப்பில் எழுதும் சிறு புரோகிராமர் கருவியும் இருந்தால் போதும் என்கிறார்கள். செய்து வென்றவர்கள் பலர். ஆனால் எழுதும்போது ஏதேனும் பிசகினால் கணினி திறக்கவே திறக்காது. 750 ரூபாய் கார்டுக்காக ஓடுகிற இயந்திரத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழி அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டில் இருந்தது. உதிரிப் பாகங்களின் அட்டவணையில், அதே மாடலுக்கு ஆலையில் பொருத்தப்பட்ட வைஃபை கார்டுகள் நான்கைந்து, ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பாக எண்ணோடு கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று இன்டெல் சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என் 6205. 802.11ஏசி கிடையாது, ஆனால் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளும், இரண்டு ஆன்டெனாவும், 300 எம்பிபிஎஸ் உச்சமும் உண்டு. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது தாராளம். இந்தக் கார்டை ஆலையிலேயே பொருத்தி விற்றிருக்கிறார்கள் என்றால் திரையுள்ள மேல்மூடியில் ஓடும் ஆன்டெனாவும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் உடன் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. 6205 என்று எழுதியிருக்கும் எந்தக் கார்டை வாங்கினாலும் ஆகாது. பயாஸ், கார்டைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் கார்டின் எண்ணையும் மட்டுமன்றி, எந்தக் கணினி நிறுவனத்துக்காக அது செய்யப்பட்டது என்பதைக் காட்டும் துணை அடையாள எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது. வேறு நிறுவனத்தின் மடிக்கணினியிலிருந்து கழற்றிய 6205 அச்சு அசலாக அதே கார்டாக இருந்தாலும் அதே கறுப்புத் திரைதான் வரும். எனவே பழைய பாகங்கள் விற்பவர் ஒருவரிடம், கார்டின் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பாக எண்ணைக் கையேட்டுடன் ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிட்ட பிறகே 480 ரூபாய் அனுப்பினேன்.

பொருத்தும் வேலை, இத்தனை அலைச்சலுக்குப் பிறகு, இருபது நிமிடத்தில் முடிந்தது. கணினியை முழுவதும் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மிச்ச மின்சாரம் வடிய மின்பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தேன். அடிப்புறத்தில் விசைப்பலகைப் படம் பொறித்த திருகுகளைக் கழற்றியதும் விசைப்பலகை முன்னால் நகர்ந்து மேலெழும். அதை மதர்போர்டுடன் இணைக்கும் பட்டைக் கேபிளை இழுத்துவிடாமல் மெல்லத் திருப்பிப் போட வேண்டும். கார்டின் திருகை எடுத்தவுடன் அது தானாகவே சாய்வாக நிமிர்ந்து நிற்கும், அதே கோணத்தில் வெளியே இழுத்தால் வந்துவிடும்.

பொறுமை முழுவதையும் ஆன்டெனா வயர்களுக்காகச் சேமித்து வைக்க வேண்டும். நுனியில் உள்ள பித்தளை மூடி இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். வயரைப் பிடித்து இழுத்தால் வயர் கையோடு வந்துவிடும். தட்டையான பிளாஸ்டிக் துண்டை மூடிக்கு அடியில் கொடுத்து நேர் மேலாக நெம்ப வேண்டும். இவ்வகை இணைப்பான்கள் சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் வடிவமைக்கப்பட்டவை. நான் ஏற்கெனவே இரண்டு சுற்று முடித்திருந்தேன். மாட்டும்போது மூடி சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு விரல் நகத்தால் அழுத்தினேன். மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்டது. எந்த வயர் ஒன்றாம் எண்ணுக்கு, எது இரண்டாம் எண்ணுக்கு என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தேன்.

இம்முறை எச்சரிக்கை எதுவும் வரவில்லை. டிரைவர் எதையும் தேடாமலே லினக்ஸ் கார்டை அடையாளம் கண்டுகொண்டது. ஆவலோடு வேகத்தைச் சோதித்தால் 31! ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்ததால், கணினி பழைய பழக்கத்தில் 2.4இலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் இணைப்பின் அமைப்புகளில், ‘பேண்ட்’ என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்து மறுபடி இணைத்தவுடன் 92 வந்தது. மாலை ஏழு மணிக்கும் 90க்குக் கீழே இறங்கவில்லை. உட்புற அறையில் மட்டும், நடுவே இரண்டு செங்கல் சுவர்கள் இருப்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் தடுமாறுகிறது. அங்கே அமரும் நாட்களில் ‘தானியங்கி’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

வீணாகிவிட்டதே என்று எண்ணியிருந்த 7260 கார்டை மைத்துனரின் மடிக்கணினியில் பொருத்தினேன்; அதன் பயாஸில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. வைஃபை உடனே வந்தது, ப்ளூடூத் மட்டும் வரவில்லை. கார்டின் 51ஆம் முனை ப்ளூடூத்தை அணைத்து வைக்கும் முனை என்பதைப் படித்தறிந்து, வெப்பம் தாங்கும் மஞ்சள் நிற கேப்டான் டேப்பில் ஊசிபோல ஒரு கீற்று வெட்டி அதன் மேல் ஒட்டியதும் அதுவும் வந்துவிட்டது. 750 ரூபாயை அவர் இன்னும் தரவில்லை.