இரண்டு வன்தட்டுகளில் இரண்டு இயங்குதளங்கள்

வெள்ளவத்தையில் என் மேசைமீதிருக்கும் கணினி ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலியில் இயங்குவது. வின்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றபோது, வின்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இதற்கு இடமிருக்கவில்லை. பதிவுசெய்துகொள்வோருக்கு இன்னுமோர் ஆண்டு நீட்டிப்பு உண்டு என்றாலும், அது சிக்கலை ஒத்திவைக்குமேயன்றித் தீர்க்காது. அதற்காக வின்டோஸை ஒரேயடியாகக் கைவிடவும் என்னால் இயலாது. நான் செய்வது பக்க வடிவமைப்பு: கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலர்கள். என்னிடம் வந்து சேரும் பழைய கோப்புகளிற் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யப்பட்டவை. 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருளுக்கு வின்டோஸ் வேண்டும். ஆகவே வின்டோஸை இணையத்திலிருந்து துண்டித்து வடிவமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, தரவிறக்கம் ஆகிய எல்லாவற்றையும் லினக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளத்துக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று சொல்லும் இவ்விரண்டையும் ஒரே வன்தட்டைக் கூறுபோட்டு வைத்துக்கொள்வதே பலரும் செய்வது. ஆனால் பல ஆண்டு வேலை நிறைந்திருக்கும் ஒரு பழைய வன்தட்டில் பார்ட்டிஷன்கள் எனப்படும் அந்தக் கூறுகளைச் சுருக்கி இடம் எடுக்க எனக்குத் துணிவில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் 480 ஜிபி கொள்ளளவுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை, அதாவது சாட்டா கேபிளில் இணையும் சுழலாத வகை வன்தட்டொன்றை, வாங்கினேன். பணத்தை எண்ணி வாங்கிய கடைத்தம்பி, "அண்ணை, லினக்ஸ் போடேக்க மற்ற டிஸ்கின்ர வயரைக் கழட்டிவிடுங்கோ, பிறகு சோலி இல்லை" என்றார். கழற்றாமலும் செய்யலாம், எந்தத் தட்டில் நிறுவுவது என்று கேட்கும்போது கவனமாகத் தெரிவுசெய்தால் போதும் என்று நினைத்து, அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டேன்.

நிறுவல் சிக்கலின்றி முடிந்தது. இயங்குதளத்தைத் தொடக்கும் சிறு நிரலான பூட் லோடரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் புதிய எஸ்.எஸ்.டி.யையே காட்டினேன். கணினியைத் தொடக்கும்போது லினக்ஸா வின்டோஸா என்று கேட்கும் திரை வந்தது, இரண்டும் ஓடின. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, நினைவு மலரொன்றின் இறுதிக் கோப்பை எழுத்துருக்களோடு கொடுப்பதற்காக வின்டோஸ் இருந்த வன்தட்டையே கழற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலுள்ள அச்சகத்துக்குப் போயிருந்தேன். காலமானவரின் மகன் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பிய திருத்திய படத்தை எடுப்பதற்காக வீட்டில் மனைவி கணினியைப் போட்டார். லினக்ஸ் எஸ்.எஸ்.டி. உள்ளேயே இருந்தும், தொடக்குவதற்கு எந்தத் தட்டும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரேயொரு வரி மட்டும் வந்தது. முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அச்சகத்துக்காரர் தம் கைப்பேசியில் அந்தப் படத்தை வாங்கித் தந்ததால் அன்றைய வேலை நடந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் துக்க வேலையை என் கவனக்குறைவு தாமதப்படுத்தப் பார்த்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நடந்தது இதுதான். இக்காலத்துத் தாய்ப்பலகைகள் கணினியைத் தொடக்குவதற்கு யு.இ.எஃப்.ஐ. என்னும் முறையைப் பயன்படுத்துகின்றன. அவை தேடுவது, வன்தட்டில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்ற பெயரில் ஃபாட்32 வடிவிலிருக்கும் சிறிய பகுதியொன்றை. வின்டோஸ் 10 நிறுவும்போது அது வழக்கமாக 100 எம்பி அளவில் உருவாகும். ஒவ்வோர் இயங்குதளமும் தன்னைத் தொடக்கும் சிறு நிரலை அதற்குள் ஒரு கோப்புறையாக வைத்துவிட்டு, இன்ன பார்ட்டிஷனில் இன்ன கோப்பு என்று தாய்ப்பலகையின் நினைவகத்தில் ஒரு குறிப்பையும் எழுதிவைக்கும். சில லினக்ஸ் நிறுவிகள், நாம் இரண்டாவது தட்டைக் காட்டினாலும், முதல் தட்டில் ஏற்கெனவே ஓர் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் இருப்பதைக் கண்டால் அதற்குள்ளேயே தம் கோப்புறையை வைத்துவிடுகின்றன. வின்டோஸின் நிறுவியும், வேறொரு தட்டில் அத்தகைய பார்ட்டிஷன் இருந்தால், அதையே பயன்படுத்திக்கொள்வதுண்டு. அன்று மாலை வின்டோஸ் தட்டின் அந்த 100 எம்பி பகுதியைத் திறந்து பார்த்தபோது, மைக்ரோசொஃப்டின் கோப்புறைக்குப் பக்கத்தில் லினக்ஸின் கோப்புறையும் இருந்தது. இயங்குதளம் முழுவதும் ஒரு தட்டிலும் அதன் வாசற்சாவி மற்றத் தட்டிலுமாக இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை எதுவும் வெளியில் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். மின்செருகியை மூலத்திலிருந்தே கழற்றிவிட்டு, உடலிலுள்ள நிலைமின் இறங்கும்படி பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்ட பிறகு பக்கத் தகட்டைத் திறந்தேன். கடற்கரையை ஒட்டிய வீடாகையால் உப்புக்காற்றில் திருகாணிகளின் தலை துருவேறியிருந்தது. பிடிவாதமாக முறுக்கினால் தலை தேய்ந்துவிடும். சாட்டா தட்டொன்றுக்கு இரண்டு கேபிள்கள் வரும்: மின்சாரத்துக்கு 15 ஊசிகளுள்ள அகலமான முனை, தரவுக்கு 7 ஊசிகளுள்ள குறுகிய முனை. இரண்டிலும் ஆங்கில 'எல்' வடிவப் பள்ளம் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. தரவுக் கேபிளின் முதுகில் மெல்லிய உலோக நாக்கு இருந்தால், அதை விரலால் அழுத்திக்கொண்டுதான் இழுக்கவேண்டும். அழுத்தாமல் இழுத்தால் தட்டின் பக்கமுள்ள பிளாஸ்டிக் உடைந்துவிடலாம், உடைந்தால் அதைச் சீர்செய்வது மிகக் கடினம். வின்டோஸ் தட்டின் இரண்டு கேபிள்களையும் எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. மட்டும் இருக்கும் நிலையில் கணினியைத் தொடக்கினேன்.

நிறுவற்கோப்பு இருந்த யு.எஸ்.பி. குச்சி, தொடக்கத் தெரிவுப் பட்டியலில் இரண்டு தடவை வந்திருந்தது: ஒன்று வெறும் பெயராக, மற்றொன்று முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்ற சொல்லோடு. இரண்டாவதையே எடுக்கவேண்டும், முதலாவதை எடுத்தால் லினக்ஸ் பழைய பயோஸ் முறையில் நிறுவப்பட்டுவிடும். உங்கள் வின்டோஸ் எந்த முறையிலிருக்கிறது என்பதை அதன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயோஸ் மோட் என்ற வரியில் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. நிறுவியின் பட்டியலில் இம்முறை ஒரேயொரு வன்தட்டுத்தான் இருந்தது. 480 ஜிபி என்று வாங்கியதை ஏறக்குறைய 447 என்று காட்டும் மென்பொருள்களும் உண்டு. 1024ஆல் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது, தட்டில் பழுதில்லை. தவறாகத் தெரிவுசெய்வதற்கு வேறு தட்டே இல்லாதபோது அழிக்கும் பொத்தானை அழுத்துவதில் கிடைக்கும் நிம்மதியை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

இன்னொரு விடயத்தையும் செய்தேன். ஒரு தட்டைக் கழற்றித் தொடக்கினால், சில தாய்ப்பலகைகள் அந்தத் தட்டுக்குரிய குறிப்பைத் தம் நினைவகத்திலிருந்து அழித்துவிடுகின்றன. திரும்பச் செருகினாலும் பெயர் வராது. இதற்கு மாற்றாக, குறிப்பு ஏதுமில்லாதபோது தாய்ப்பலகை தானாகவே தேடிப்பார்க்கும் பொதுவான இடமொன்று ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனுக்குள் உண்டு; பூட் என்ற கோப்புறை அது. லினக்ஸின் பூட் லோடரான கிரப்பை நிறுவும்போது 'ரிமூவபிள்' என்ற தெரிவைச் சேர்த்தால் அதன் பிரதி அங்கே போய் இருக்கும். அதன்பின் அந்த எஸ்.எஸ்.டி. எதனுடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பிறகு எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வின்டோஸ் தட்டை மட்டும் செருகிப் பார்த்தேன், எழுந்தது. மாற்றிச் செய்தேன், லினக்ஸ் எழுந்தது. இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் பக்கத் தகட்டை மூடவேண்டாம் என்று இதைப் படிப்பவர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இப்போது கிரப் திரையில் வின்டோஸின் பெயர் வருவதில்லை, 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதை இயக்கிவிடலாம், ஆனால் நான் இயக்கவில்லை. வழக்கமாக லினக்ஸ் எழும்; வடிவமைப்பு வேலை இருக்கும் நாளில் கணினியைப் போட்டவுடன் எஃப்12ஐ அழுத்தி மற்றத் தட்டைத் தெரிவுசெய்கிறேன். வேறு தாய்ப்பலகைகளில் அது எஃப்11 ஆகவோ எஃப்8 ஆகவோ இருக்கும்.

வின்டோஸ் இணையத்தில் இல்லையாதலால், படங்களை லினக்ஸில் இறக்கி வின்டோஸ் தட்டின் டி பார்ட்டிஷனில் வைக்கவேண்டும். முதல் நாள் அதில் எதையும் எழுத முடியவில்லை, வாசிக்க மட்டுமே முடிந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கும்வரை வின்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகத்தின் நிலையை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது, என்.டி.எஃப்.எஸ். என்னும் வடிவிலுள்ள அதன் பார்ட்டிஷன்களும் பாதி திறந்த நிலையிலேயே கிடக்கின்றன. லினக்ஸ் அதில் எழுத மறுப்பது நம் கோப்புகளின் நன்மைக்குத்தான். வலுக்கட்டாயமாக எழுதவைக்க முயலக்கூடாது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த வசதியை நிறுத்திய பிறகு தடையில்லை. வன்தட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் இயங்கும் கணினியானால், தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்புகளில் எதையும் தொடுவதற்கு முன்னர் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மிஞ்சியது கடிகாரம். மாலை ஆறு மணிக்கு வின்டோஸைத் திறந்தால் பகல் 12.30 என்று காட்டியது. தாய்ப்பலகையின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. வின்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. கொழும்புக்கு வேறுபாடு ஐந்தரை மணி. (1996 மே மாதத்தில் நம் நாட்டு நேரத்தை ஆறரை மணியாகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறாகவும் மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள், லினக்ஸின் நேர வலயத் தரவுகளில் கொழும்பின் பெயருக்குக் கீழே அந்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகியுள்ளன.) இணையத்திலிருக்கும் வின்டோஸ் சிறிது நேரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். என்னுடையது திருத்தாது, ஒரே மலரின் இரண்டு பிரதிகளில் எது பிந்தியது என்று கோப்பின் நேரத்தைப் பார்த்து வேலைசெய்யும் எனக்கு அது ஆபத்தானது. வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வன்பொருட் கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருக்கிறது என்று சொல்லும் ஒரு மதிப்பைச் சேர்த்தேன். இரண்டு இயங்குதளங்களையும் மாறிமாறி மூன்று தடவை தொடக்கி, ஒவ்வொரு தடவையும் சுவர்க்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத் தகட்டுக்குப் புதிய திருகாணிகளைப் பூட்டினேன்.