14 லட்சத்துக்கு வாங்கின பழைய பென்சும் ஒரு கேன் பேட்டரி தண்ணியும்

வேலூர் சத்துவாச்சாரில எங்க தெருவுக்குள்ள கார் நுழைஞ்ச அன்னிக்கு எதிர் வீட்டு அக்கா மொதல்ல கேட்டதே "எவ்ளோ ஆச்சுபா"னு தான். 14 லட்சம்னு சொன்னேன், நம்பவே இல்ல, பென்சு காராவது 14 லட்சமாவதுனு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ஆனா அது தான் உண்மை. 2014 மாடல் இ 250 சிடிஐ, டீசல், டிஎன் 07 வண்டி, 71,000 கிலோமீட்டர் ஓடினது, 2022 ஜூலைல வாங்கினேன். புதுசுல ரோட்டுக்கு வரும்போது அரை கோடி கிட்ட ஆன வண்டி எட்டு வருஷத்துல இந்த விலைக்கு எறங்கிடுது, அந்த காசுக்கு ஷோரூம்ல புது கிரெட்டாவே எடுக்கலாம், வீட்டுலயும் எல்லாரும் அத தான் சொன்னாங்க. மாமா ஒருத்தர் தான் வேற மாதிரி சொன்னாரு.

மாமானா அம்மாவோட தம்பி. மேல்விஷாரத்துல ஒரு தோல் பேக்டரி ஓனர்கிட்ட 14 வருஷம் டிரைவரா இருந்தாரு. பென்ஸ் கார் இந்தியாவுல அசெம்பிள் ஆக ஆரம்பிச்சதே 1995-ல தான், புனேல டெல்கோ (இப்ப டாடா மோட்டார்ஸ்) பேக்டரில, அந்த மொத செட்டு இ கிளாஸ்ல ஒரு டீசல் வண்டிய அந்த ஓனர் எடுத்தாரு, மாமா தான் ஓட்டினாரு. நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு தடவ வீட்டு வாசல்ல அத நிறுத்தினாரு, கதவ மூடினா ஒரு சத்தம் வரும் பாருங்க, தகரம் அடிக்கிற சத்தமே இருக்காது, பெட்டகத்த மூடுற மாதிரி 'தும்'முனு அடங்கிடும். அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நான் பழைய பென்ஸ் பாக்குறேன்னு சொன்னதும் மாமா சொன்னது இது தான், "மாப்ள, வண்டி இன்னா வெலன்னு அப்புறம் கேளு, எவன் வச்சினு இருந்தான்னு மொதல்ல கேளு."

நாலு மாசம் தேடினோம். பழைய கார் விக்கிற கன்சல்டிங்ல போய் நின்னா எல்லா வண்டியும் சிங்கிள் ஓனர் தான், எல்லாமே டாக்டர் ஓட்டினது தான், நம்ம ஊர்ல அதுவும் டாக்டர் வண்டினு சொன்னா ஒடனே நம்பிடுவோம். டெல்லி வண்டி ஒன்னு 9 லட்சத்துக்கு வந்துச்சு, பாக்க அம்சமா இருந்துச்சு, எனக்கு மனசு அங்கேயே போயிடுச்சு. டெல்லி வண்டி ஏன் சீப்புனா அப்ப அங்க டீசல் வண்டி 10 வருஷத்துக்கு மேல ஓட்டக்கூடாதுனு இருந்துச்சு, என்ஜிடினு சொல்ற பசுமை தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதி பண்ணிடுச்சு, அதனால எட்டு ஒம்பது வருஷம் ஆன டீசல் காரெல்லாம் தெக்க தள்ளி விட்டாங்க. அங்க என்ஓசினு தடையில்லா சான்று வாங்கி, இங்க வந்து வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி லைஃப் டாக்ஸ் திரும்ப கட்டி, டிஎன் நம்பர் வாங்கி முடிக்கும்போது அந்த சீப்பெல்லாம் பாதி கரைஞ்சிடும். அத விட பெரிய விஷயம் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டா ஒரு பேப்பர் இல்ல. விட்டுட்டோம்.

கடைசில கெடச்சது சென்னை அடையார் பக்கம் ஒரு ரிட்டயர்டு மனுஷர்கிட்ட. நேரடி ஓனர், நடுவுல யாரும் இல்ல. மாமா வண்டிய பாத்த விதத்த கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதுக்கு அப்புறம் என் பிரெண்ட்ஸ் மூணு பேருக்கு நான் வண்டி பாக்க போனப்பவும் இதையே தான் செஞ்சேன்.

போனதும் பானெட்ட திறக்கல. டிரைவர் சீட்ல உக்காந்து சீட் பெல்ட்ட இழுத்தாரு, இழுத்துக்கிட்டே போனாரு, கடைசி வரைக்கும். எதுக்குனா 2015 டிசம்பர்ல சென்னைல வெள்ளம் வந்துச்சு இல்ல, வண்டி அப்ப ஒரு வருஷ குழந்தை, அது எங்க நின்னுச்சுனு நமக்கு தெரியாது. சீட்டெல்லாம் கழுவி பாலிஷ் போட்டு புதுசாக்கிடுவாங்க ஆனா பெல்ட்டோட உள் சுத்துல இருக்குற சேத்துக் கறைய யாரும் கழுவ மாட்டாங்க, அது அந்த துணிலயே கோடு மாதிரி நிக்கும். கோடு இல்ல. அப்புறம் சீட்ட முன்ன பின்ன தள்ளி அடில இருக்குற ரெயில்ல துரு இருக்கானு டார்ச் அடிச்சு பாத்தாரு, டிக்கில ஸ்டெப்னிய தூக்கி அந்த பள்ளத்துல விரல விட்டு தடவி பாத்தாரு, கார்ப்பெட்ட ஓரத்துல தூக்கி மோந்து பாத்தாரு. இதெல்லாம் முடிச்சப்புறம் தான் கதவு ஓரத்துல இருக்குற ரப்பர் பீடிங்க இழுத்து ஸ்பாட் வெல்டிங் புள்ளி கம்பெனி புள்ளியானு பாத்தாரு, டிங்கரிங் பண்ணி பட்டி பாத்த வண்டினா அங்க தான் மாட்டும்.

கிலோமீட்டர் மேட்டர்ல மீட்டர யாரும் நம்பாதீங்க, லேப்டாப்ப வச்சு குறைக்கிறது இன்னிக்கு சாதாரணம். ஸ்டியரிங் தோல் வழுவழுனு ஆயிருக்கா, பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சிருக்கா, சீட்டோட வெளி ஓரம் வெடிச்சிருக்கானு பாத்து மீட்டரோட ஒத்துப்போகுதானு பாக்கணும். எங்களுக்கு அந்த கஷ்டமே இல்ல. அந்த பெரியவரு ஒரு நீல கலர் ஃபைல எடுத்துட்டு வந்து குடுத்தாரு, எட்டு வருஷ பில்லு, தேதி வாரியா, ஒவ்வொண்ணுலயும் கிலோமீட்டர் போட்டு. ஆயில் மாத்தினது, பிரேக் பேட் மாத்தினது, 2019-ல பேட்டரி மாத்தினது, டயர் மாத்தினது. மாமா ஒவ்வொரு பக்கமா திருப்பிட்டு என்னை பாத்து தலைய மட்டும் ஆட்டினாரு. கேட்டது 15 லட்சம், 14-க்கு முடிஞ்சுது.

பேப்பர் வேலைல ரெண்டு விஷயம் மட்டும். பார்ம் 29, 30 கையெழுத்து வாங்கிட்டு பேர் மாத்துறத தள்ளிப்போடாதீங்க, லோன் இருந்த வண்டினா பேங்க்ல இருந்து பார்ம் 35 வாங்கி எச்பி, அதாவது ஆர்சில இருக்குற லோன் பதிவு, கேன்சல் ஆச்சானு பாருங்க. இன்சூரன்ச 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும், பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் அவரோடவே போயிடும், அது வண்டியோட வராது, அதனால பிரீமியம் கூட வரும், எனக்கு வந்துச்சு.

இப்ப ஓட்டுறத பத்தி. 2143 சிசி, 204 குதிரை சக்தி, 500 நியூட்டன் மீட்டர் டார்க், இதெல்லாம் பேப்பர்ல இருக்குற நம்பர், ஆனா வாலாஜா டோல் தாண்டி காலியா ரோடு கெடச்சு ஆக்சிலரேட்டர லேசா அழுத்தும்போது முதுக யாரோ பின்னாலேர்ந்து கைய வச்சு தள்ளுற மாதிரி ஒரு இழுவை வரும், சத்தமே இல்லாம. அம்மாவ செக்கப்புக்கு சிஎம்சி கூட்டிட்டு போறேன், பின் சீட்ல உக்காந்ததுமே தூங்கிடுறாங்க, முட்டி வலியோட ஏறி எறங்குறதுக்கு பழைய கார விட இது சுலபமா இருக்குனு அவங்களே சொன்னாங்க. எனக்கு அது போதும்.

பழகுறதுக்கு ஒரு விஷயம் மட்டும் ரொம்ப ஜாக்கிரத. இந்த வண்டில கியர் லிவர் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் சின்ன குச்சி மாதிரி இருக்கும், இண்டிகேட்டர் இடது பக்கம். நம்ம ஊர் கார்ல இண்டிகேட்டர் வலது கைல, இருபது வருஷமா கை அதுக்கு பழகிருக்கு, வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானால திரும்பும்போது இண்டிகேட்டர் போடுறோம்னு நெனச்சு வலது கை கியர தட்டிடும், வண்டி நியூட்ரலுக்கு போயிடும். வாங்குறவங்க மொத ஒரு வாரம் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து காலி ரோட்ல ஓட்டி கைய பழக்குங்க, சும்மா சொல்லல.

செலவுக்கு வர்றேன். வண்டி 14 லட்சத்துக்கு கெடச்சாலும் அதோட பார்ட்ஸுக்கு விலை அரை கோடி வண்டியோட விலை தான், அது பழசாச்சுனு கம்மியாகாது. ஆயில் மட்டுமே ஆறரை லிட்டர் புடிக்கும், அதுவும் 229.51 மாதிரி பென்ஸ் கம்பெனி அப்ரூவல் நம்பர் போட்ட ஆயில் தான் ஊத்தணும். மொத வருஷத்துல லோயர் ஆர்ம் புஷ், ஒரு இன்ஜின் மவுண்ட், ரெண்டு டயர் மாத்தினேன். புஷ்ஷும் மவுண்டும் ரப்பர், எட்டு வருஷ ரப்பர் வேலூர் வெயில்ல என்ன ஆகும், வெடிக்க தான் செய்யும், அது வண்டி மேல குறை இல்ல. டயர் போனது ஸ்ரீபெரும்புதூர் வாலாஜா நடுவுல, ஆறு வழி ரோடு வேலை வருஷக்கணக்கா நடந்துட்டு இருந்துச்சே, அங்க ராத்திரி டைவர்ஷன்ல ஒரு பள்ளம், 245/45 டயர்ல பக்கவாட்டு ரப்பர் ரொம்ப ஒல்லி, மறுநாள் காலைல பாத்தா முட்டை மாதிரி வீங்கி நிக்குது.

ஆனா எனக்கு பெரிய அடி விழுந்தது தண்ணில. 2022 ஆகஸ்ட்ல ஒரு ரேடியேட்டர் ஹோஸ்ல வெடிப்பு, லேசா கசிவு. சின்ன வேலை தானேனு பக்கத்துல ஒரு ஒர்க் ஷாப்ல விட்டேன். ஹோஸ் நல்லா தான் மாத்தினாங்க, ஆனா இன்ஜின் சூட்ட தணிக்கிற பழைய கூலன்ட்ட மொத்தமா எறக்கிட்டு பைப்ப தொறந்து போர் தண்ணிய ரொப்பி, கலருக்கு ஒரு பாட்டில் பச்ச கூலன்ட்ட ஊத்தி விட்டுட்டாங்க. எனக்கு அப்ப தெரியல, பில்லுல கூலன்ட்னு போட்டிருந்துச்சு, நானும் காச குடுத்துட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

2023 மே, அக்னி நட்சத்திரம், குடும்பத்தோட ஏலகிரி போறோம், 14 கொண்டை ஊசி வளைவு. ஒம்பதாவது வளைவுல எப்பவும் 90 கிட்ட நிக்கிற டெம்பரேச்சர் ஏறிக்கிட்டே போகுது, 110-அ தாண்டிடுச்சு. ஏசிய நிறுத்திட்டு ஹீட்டர ஃபுல்லா வச்சு ஓரங்கட்டினேன். மாமாவுக்கு போன் போட்டேன். "மூடிய தொறக்காத, கை வெந்துடும், ஒரு மணி நேரம் அப்டியே குந்து"னு சொன்னாரு. ஆறினதும் தொறந்து பாத்தா உள்ள டீ கலர்ல தண்ணி, மூடியோட உள் பக்கம் சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு கெடக்கு. நம்ம வீட்டு வாட்டர் ஹீட்டர் காயில் மேல வெள்ளையா பட்டை பட்டையா படியும் பாருங்க, அதே சரக்கு தான் ரேடியேட்டரோட மெல்லிசு குழாய்க்குள்ள போய் அடைச்சிருக்கு.

அன்னிக்கு சாயந்தரம் தான் மாமா பழைய கதைய சொன்னாரு. 90-கள்லயே அந்த ஓனர் வண்டில இதே மாதிரி ஆயிருக்கு. தோல் கழிவு தண்ணியால பாலாத்து ஓர ஊர்ல நிலத்தடி தண்ணியே கெட்டுப்போய், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் கேசுல 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே குடுத்துச்சே, அந்த காலத்துல பேக்டரி போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தி அடைச்சுக்கிச்சாம், அதுலேர்ந்து மாமா டிக்கில ஒரு கேன் பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர்) இல்லாம வண்டிய எடுத்ததே இல்லையாம். "குடிக்கவே ஆவாத தண்ணி, அத போய் இன்ஜின்ல ஊத்தினா இன்னா ஆவும்"னு சொல்லும்போது அவருக்கு கண்ணு கலங்கிடுச்சு, காருக்காக இல்ல, அந்த தண்ணிய குடிச்சு வளந்த ஊரு அது.

ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃப்ளஷிங், லேபர் எல்லாம் சேத்து 62,000 ஆச்சு. சென்னைல ஒரு தனி மெக்கானிக், பென்ஸ் மட்டுமே பாக்குறவரு, ஸ்கேனர் வச்சிருக்காரு, பழைய பார்ட்ட கைல குடுத்து காட்டிட்டு தான் புதுச மாட்டுவாரு. ஹெட் கேஸ்கெட் போகாம தப்பிச்சது நீங்க ஒடனே நிறுத்தினதால தான்னு சொன்னாரு. இன்னும் ரெண்டு வளைவு ஏத்தியிருந்தா லட்சத்துல பேசியிருப்போம். இப்ப கூலன்ட்ட டப்பா மேல இருக்குற அப்ரூவல் நம்பர பாத்து நானே வாங்குறேன், சரி பாதி பேட்டரி தண்ணி கலந்து, பக்கத்துல நின்னு ஊத்த வைக்கிறேன்.

அதனால யாராவது வேலூர் பக்கம் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடினு எந்த கார் பாக்குறீங்கனாலும், கைல 14 லட்சம் இருந்தா 11 லட்சத்துக்கு வண்டிய பாருங்க, மீதி 3 லட்சத்த தனியா வைங்க, நான் அப்படி வைக்கல, ரேடியேட்டர் செலவ கிரெடிட் கார்டுல தான் தேச்சேன். பில்லு ஃபைல் இல்லாத வண்டிய எவ்ளோ அழகா இருந்தாலும் தொடாதீங்க. வீட்டு பக்கத்துல மெக்கானிக் இருக்காரானு பாக்குறத விட அந்த வண்டிய தெரிஞ்ச மெக்கானிக் எந்த ஊர்ல இருந்தாலும் அவரு நம்பர மொதல்ல வாங்கி வைங்க, வேலூர்லேர்ந்து சென்னை 140 கிலோமீட்டர், வருஷத்துக்கு ரெண்டு தடவ போறது ஒரு கஷ்டமே இல்ல.

இப்ப 98,000 ஓடியிருக்கு. அந்த பெரியவரோட நீல ஃபைல் நெறஞ்சிடுச்சு, அதே கலர்ல இன்னொன்னு வாங்கி என் பில்லெல்லாம் போட்டு வச்சிருக்கேன். வர்ற சனிக்கிழமை கியர் பாக்ஸ் ஆயில் மாத்த சென்னை போறேன், மாமாவும் வர்றேன்னு சொல்லிட்டாரு, டிக்கில அஞ்சு லிட்டர் கேன நேத்தே கொண்டு வந்து வச்சிட்டு போயிட்டாரு.