ஐ.இ.பி. வாங்கியது: ஒரு நியூ ஜெர்சி அம்மாவின் அனுபவம்

நியூ ஜெர்சியில் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வியும் அதற்கான ஐ.இ.பி.யும் (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்) கேட்டுப் போனால் பள்ளியில் ‘பிரைஸ்’ என்றொரு பெற்றோர் உரிமைக் கையேடு தருவார்கள். பெரும்பாலான வீடுகளில் அது பிரிக்கப்படாமலே ஃபைலுக்குள் போய்விடும். நான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, இந்த வரி ஏன் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அநேகமாக எல்லா வரிக்குப் பின்னாலும் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிய யாரோ ஒரு பிள்ளையும், கோர்ட்டுக்குப் போன ஓர் அப்பா அம்மாவும் இருந்தார்கள்.

எங்கள் சின்னவன் அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறினான், பேச்சும் கோவையாக வராது. வகுப்பு ஆசிரியை “இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே” என்றார். ஊரிலிருந்து மாமியார் போனில், “அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடும்மா” என்றார். என் கணவருக்கு வேறு கவலை: விசாவில் இருக்கிறோம், பள்ளியோடு மல்லுக்கட்டலாமா? இந்தப் பயம் நம் ஆட்கள் பலருக்கும் இருக்கிறது. டெக்ஸஸிலிருந்து வந்த பிளைலர் வழக்கில் 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஆவணமே இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களின் பிள்ளைகளுக்குக்கூடப் பொதுப் பள்ளிக் கதவை மூட முடியாது. நாங்கள் முறையான விசாவில் இருப்பவர்கள். சரி, சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பீடு செய்யச் சொல்லிப் பள்ளிக்கு எழுதுவோம் என்று முடிவெடுத்தோம்.

எழுதுவதுதான் முக்கியம். வாசலில் நின்று ஆசிரியையிடம் வாயால் கேட்டால் கணக்கில் வராது. மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால், 20 நாளுக்குள் பள்ளி கூட்டம் கூட்ட வேண்டும். மதிப்பீட்டுக்கு நாம் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள், சோதனைகள் முடிந்து தகுதி முடிவாகி ஐ.இ.பி. நடைமுறைக்கே வந்துவிட வேண்டும். இது இந்த மாநிலத்துக் கணக்கு, மற்ற மாநிலங்களில் வேறுபடும்.

முதல் கூட்டத்தில் ஒருவர், இந்த வருடம் ஆள் பற்றாக்குறை, பட்ஜெட்டும் இறுக்கம் என்று நீட்டினார். இதே பல்லவியை 1972இல் வாஷிங்டன் டி.சி. கல்வி வாரியம் மில்ஸ் வழக்கில் பாடிப் பார்த்தது. பணம் போதாதென்றால் அந்தக் குறையை ஊனமுற்ற பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்று நீதிபதி வாடி தீர்ப்பளித்தார். அதற்குச் சற்று முன்புதான் பக்கத்து பென்சில்வேனியாவில், ஐந்து வயது மனவளர்ச்சி எட்டாத பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாம் என்ற சட்டத்தைப் பெற்றோர் சங்கம் ஒன்று எதிர்த்து வென்றிருந்தது. இந்த இரண்டின் தொடர்ச்சியாகத்தான் 1975இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட, ஊனமுற்ற பிள்ளைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அப்போது பத்து லட்சம் ஊனமுற்ற பிள்ளைகள் பள்ளிக்கு முற்றிலும் வெளியே நின்றார்கள் என்று அந்தச் சட்டமே குறிப்பிட்டது. இன்று ‘ஐடியா’ (IDEA) என்று சொல்வது அதைத்தான். இதையெல்லாம் நான் கூட்டத்தில் எடுத்துச் சொல்லவில்லை. “பட்ஜெட்தான் காரணம் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டேன். பேச்சு உடனே தேதி குறிப்பதற்கு மாறிவிட்டது.

சோதனையில்தான் நிஜமான சிக்கல். படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பேச்சுச் சோதனை. துடைப்பம் படத்துக்கு அவன் ‘தொடப்பம்’ என்றான், கரண்டிக்குக் ‘கரண்டி’ என்றான். இரண்டும் தவறு என்று குறிக்கப்பட்டிருந்தன. அறிக்கையில் ‘சொல்வளம் மிகக் குறைவு’ என்று போட்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் டயானா வழக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்தபுத்தி என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்பானிஷிலும் சோதித்தபோது பெரும்பாலோரின் மதிப்பெண் மடமடவென ஏறியது. 1970இல் வழக்கு சமரசமாக முடிந்தது. பிள்ளையின் வீட்டு மொழியில் சோதிக்க வேண்டும் என்பது பிறகு கூட்டாட்சிச் சட்டத்திலும் ஏறியது.

அந்தப் பிரிவைக் காட்டி எழுதியதும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வீடியோவில் ஏற்பாடு செய்தார்கள். நல்ல மனுஷி, ஆனால் செய்தி வாசிப்பது போலத் தமிழ். “இப்படத்தில் காணப்படும் பொருள் யாது?” என்று கேட்டதும் பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். “இது என்னன்னு கேளுங்க” என்று பேச்சு சிகிச்சையாளர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு மளமளவென்று சொன்னான். சொல்வளம் குறைவு என்பது அறிக்கையிலிருந்து போய், வாசிப்பில் கற்றல் குறைபாடு என்பது மட்டும் நின்றது. அதுதான் உண்மையும்கூட. கூட்டத்துக்கு 10 நாள் முன்பே அறிக்கைகள் நம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்று வந்துதான் புரட்டுவது என்றால் ஒன்றும் ஓடாது.

ஐ.இ.பி. வரைவில் வாசிப்பு இலக்கு: நிமிடத்துக்கு 31 சொல்லிலிருந்து ஒரு வருடத்தில் 40. வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இதுவே போதும் என்றிருந்தது. நியூயார்க் மாநிலத்துச் சிறுமி ஏமி ரௌலிக்கு வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டார்கள். அவளுக்குக் காது கேளாது. வகுப்பில் தேறிக்கொண்டுதானே வருகிறாள், கிடைக்கிற பலன் போதும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 2017இல் கொலராடோவின் எண்ட்ரூ எஃப். வழக்கில், பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்குத் தகுந்த முன்னேற்றத்துக்குத் திட்டம் வழி செய்ய வேண்டும், இலக்கு சவாலாக இருக்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். “40 என்பது எந்தக் கணக்கில் வந்தது?” என்று கேட்டேன். பதில் இல்லை. பேசிப் பேசி 65 ஆயிற்று. வாரத்தில் எத்தனை நிமிடம், யார் சொல்லித் தருவது, எந்த முறையில் என்பதையும் எழுத வைத்தோம்.

அப்புறம் இடம். தினமும் பாதி நாள் தனி அறை என்றார்கள். இங்கே எங்களுக்குப் பக்கபலம் இதே நியூ ஜெர்சியின் கிளெமென்டன் ஊர் வழக்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ள ரஃபேல் ஓபர்ட்டிக்காக 1993இல் வந்த தீர்ப்பு அது. உதவி ஏற்பாடுகள் செய்தும் பொது வகுப்பில் முடியாது என்பதைப் பள்ளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. பொது வகுப்பிலேயே இரண்டாவது ஆசிரியர், வாசிப்புக்கு மட்டும் தினம் 40 நிமிடம் தனியாக, என்று முடிந்தது.

முதல் ஐ.இ.பி. நம் கையெழுத்து இல்லாமல் தொடங்காது. பின்னால் வரும் மாற்றங்கள் அப்படியல்ல. 15 நாள் சும்மா இருந்தால் தானாக அமலுக்கு வந்துவிடும். அதற்குள் மீடியேஷனோ (நடுவர் வைத்துப் பேசித் தீர்ப்பது) டியூ பிராசஸோ (நீதிபதி முன் முறையான விசாரணை) எழுதிக் கேட்டால், தகராறு தீரும் வரை பழைய ஏற்பாடே தொடரும். டியூ பிராசஸ் வரை போனால் நிரூபிக்கும் சுமை, கேட்டவர் தலையில் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி 2008இல் தனிச் சட்டம் போட்டு அதைப் பள்ளியின் பக்கம் தள்ளிவிட்டது. எங்களுக்கு அது வரை போக நேரவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டம் முடிந்த அன்றிரவும், பேசியது இன்னது, ஒப்புக்கொண்டது இன்னது என்று பள்ளியில் இவன் ஐ.இ.பி.யைக் கவனிக்கும் கேஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் போட்டுவிடுவேன். இப்போதும் போடுகிறேன்.