எலி இல்லை

ஆகஸ்ட் 3
இரவு இரண்டரைக்கு அடுப்புக்குப் பின்னால் சத்தம். அம்மாவும் விழித்துத்தான் கிடந்தாள். "எலி" என்றாள், இருட்டில் இருந்தபடியே.

ஆகஸ்ட் 4
விடிந்ததும் எலி மருந்து வாங்கி வரச் சொன்னாள். கடை வரை போனேன், வாங்கவில்லை. மெல்போர்னை ஒட்டிய டேண்டனாங் மலைக்காடு எங்கள் பின்வேலியிலேயே தொடங்குகிறது. இங்கே எலி போலத் தெரிவதெல்லாம் எலி இல்லை. ஆன்டிகைனஸாக இருக்கலாம். அளவில் சுண்டெலி, உறவில் குவோல், டாஸ்மேனியப் பேய் போன்ற ஊனுண்ணிகளுக்குப் பங்காளி. வேட்டையாடும் பைப்பாலூட்டி, சட்டப் பாதுகாப்பு உள்ளது. அது இல்லாமல் நிஜமான எலியாகவே இருந்தாலும், மருந்து தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையின் உடம்பிலும் அந்த விஷம் ஏறும்.

இதையெல்லாம் சொன்னேன். "எலிக்கு என்னடி இனம் பார்க்கிறது?" என்றாள்.

ஆகஸ்ட் 5
போன் வரவில்லை.

ஆகஸ்ட் 7
புழுக்கை கிடைத்தது. சர்க்கரை டப்பா மேலே, ஒளிவு மறைவே இல்லாமல். சுண்டெலியுடையது அரிசி மணி போல ஒரே அளவில் இருக்கும். இது கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. குச்சியால் உடைத்துப் பார்த்தேன்: மினுமினுவென்று வண்டின் ஓட்டுத் துண்டுகள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அம்மா மூக்கை மூடிக்கொண்டு, "சமைக்கிற மேடையில் இதைச் செய்வாயா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் பாதி விடை கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 8
அம்மாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்க நேரமானது.

ஆகஸ்ட் 11
படம் கிடைத்தது! தூக்கம் வராததில் ஒரு லாபம். போனைச் சர்க்கரை டப்பா பக்கம் நிறுத்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செங்கல் சுவரில் தலைகீழாக இறங்கி வந்தது. நிற்கும், வெட்டி இழுத்தது போல நகரும், மறுபடி நிற்கும்.

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூஞ்சி நீண்டு கூர்மையாக இருக்கிறது. காது மெல்லியதாக, ஓரத்தில் மடிப்பும் வெட்டும். முன்பாதத்தில் ஐந்து விரல், அதைத்தான் திரும்பத் திரும்ப எண்ணினேன். சுண்டெலிக்கு முன்னால் நான்குதான் எண்ண முடியும், கட்டைவிரல் இருக்கிற இடத்தில் ஒரு குமிழ் மட்டும். அப்புறம் ஒரு படத்தில் வாய் திறந்திருக்கிறது. எலியென்றால் முன்னால் மஞ்சளாய் உளி மாதிரி பற்கள், பிறகு வெறும் இடைவெளி. இதற்கு வரிசையாக ஊசிப் பற்கள். மேலே முன்பற்கள் மட்டுமே நான்கு ஜோடி.

அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "மூஞ்சூறு மாதிரி இருக்கு." சொந்தம் துளியும் இல்லை. ஆனால் மூஞ்சியும் பல்லும் பூச்சி தின்கிற வாழ்க்கையும் அப்படியே. நான் இத்தனை நாள் இதை யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 12
சரி, எந்த ஆன்டிகைனஸ்? பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையேட்டில் விக்டோரியா மாநிலம் முழுக்க ஸ்டுவர்ட்டி என்ற ஒரே இனம் என்று போட்டிருக்கிறது. அது 1998க்கு முந்தைய பதிப்பு. அந்த வருஷம்தான் இங்குள்ளதை அஜிலிஸ் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். இந்தக் குடும்பத்தில் பழைய புத்தகத்தை நம்பக் கூடாது. 2012க்கும் 2015க்கும் இடையில் மட்டும் குயின்ஸ்லாந்திலும் டாஸ்மேனியாவிலும் புது இனங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே குழப்புவது இன்னொன்று, கருத்த ஆன்டிகைனஸ். அது பருமன், கண் சின்னது, முன்கால் நகம் மண் தோண்ட ஏற்றபடி நீளம். தரையை விட்டு அதிகம் ஏறாது. நம்முடையது சுவரில் தலைகீழாக வருகிறது. டன்னார்ட் (இதே குடும்பத்து இன்னொரு சின்னப் பைப்பாலூட்டி) என்றால் பின்பாதம் குறுகலாக இருக்கும். இதற்கு அகலம். அஜிலிஸ்தான்.

ஆகஸ்ட் 13
அழைப்பு வந்தது, தவறான எண்.

ஆகஸ்ட் 19
இன்று பட்டப்பகலில் துணிக்கொடிக்குக் கீழே ஒன்று ஓடியது. என்னைக் கண்டு பயப்படவே இல்லை. ஆண் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது, விதைப்பை அவ்வளவு பெரிது. இடுப்புப் பக்கம் முடி கொட்டி, தோலில் புண்.

இது அவர்களுடைய கடைசி மாதம். பகல் நீளும் வேகத்தை வைத்து ஒரு வட்டாரத்துப் பெண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். ஆண்கள் இரண்டு வாரம் போல வேறு வேலையே பார்ப்பதில்லை. ஒரு கூடல் மணிக்கணக்கில் நீளும். ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிக்கொண்டே போகும். அதைக் கட்டி வைக்கும் புரதம் குறைந்துவிடுவதால் அடக்க ஆளில்லை. எதிர்ப்புச் சக்தி விழும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், எல்லா ஆண்களும் சாகும். ஒரு வயதுகூட முழுசாக ஆகியிருக்காது. 2024இல் வந்த ஓர் ஆய்வு, இந்தக் காலத்தில் ஆண்கள் தூக்கத்தையும் தினம் மூன்று மணி நேரம் போலக் குறைத்துக்கொள்கின்றன என்கிறது.

அம்மாவிடம் சாவைப் பற்றிய பகுதியைச் சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். "நம்மளை மாதிரி" என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஆகஸ்ட் 20
சாப்பிடவில்லை. ரசம் மட்டும் இரண்டு வாய்.

ஆகஸ்ட் 22
எரிச்சலாக இருக்கிறது. யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. "பார்ப்போம்" என்கிறார்கள். ஐந்து விரலா நான்கா என்று எண்ணிச் சொல்லிவிடலாமே.

ஆகஸ்ட் 30
படிக்கட்டில் ஒன்று செத்துக் கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தேன். ஆண். பின்பாதத்தில் கட்டைவிரல் குட்டையாக, நகமில்லாமல். அளவெடுக்கலாம் என்று ஸ்கேல் எடுத்து வந்தேன், மனசு வரவில்லை. அம்மா எழுவதற்குள் மரச்சீவல் குவியலுக்குப் பின்னால் புதைத்தேன்.

செப்டம்பர் 6
அடுப்புக்குப் பின்னால் மறுபடி சத்தம். இந்த மாத நடுவுக்குப் பிறகு பார்க்கிற வளர்ந்த ஆன்டிகைனஸ் பெண்ணாகத்தான் இருக்கும். நாள்காட்டியை வைத்தே சொல்லிவிடலாம். கர்ப்பம் நான்கு வாரம் போல. பை என்றாலும் மூடுகிற பை இல்லை, வயிற்றில் ஒரு தோல் மடிப்புதான். குட்டிகள் காம்பைக் கவ்விக்கொண்டு தொங்கும். காம்பு எத்தனையோ அத்தனைதான் பிழைக்கும், மற்றவை போய்விடும்.

அம்மா கேட்டாள்: "குட்டி போட்டா அடுப்பைத் தொடக் கூடாதா?"
கூடாது என்றேன்.
"அப்போ எதில் சமைக்கிறது?"
மின்அடுப்பு வாங்கலாம் என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எலி மருந்துப் பேச்சை எடுக்கவில்லை.

செப்டம்பர் 9
போன் வந்தது. வியாழன் காலை ஏழரைக்கு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு, பழைய ஸ்கேன், கம்பளிச் சட்டை, காதுக் கருவிக்கு பாட்டரி. சர்க்கரையைக் கண்ணாடி டப்பாவுக்கு மாற்ற வேண்டும். தங்கையிடம் இன்னும்