உதவிப் பக்கம் எங்கே போனது?

மென்பொருளை எழுதுவது ஒரு குழு. அதை டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நிறுவுவதற்கான பொட்டலமாக, அதாவது டெபியன் பேக்கேஜாகக் கட்டித் தருவது நான். கட்டுகிறவன் ஞாபகம் யாருக்கும் வராது. ஏதாவது காணாமல் போனால்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒருநாள் உதவிப் பக்கம் காணாமல் போனது.

எங்களுடையது பிரவுசரிலிருந்து நிர்வகிக்கும் சர்வர் நிரல். மேல் மூலையில் 'உதவி' என்று ஒரு லிங்க் உண்டு, அழுத்தினால் ஹெச்டிஎம்எல் கையேடு திறக்கும். என் மெஷினில் திறந்தது, சோதனைக் குழுவிடமும் திறந்தது. வாடிக்கையாளரிடம் மட்டும் 'கோப்பு இல்லை' என்றது. பேக்கேஜில் என்னென்ன கோப்புகள் உண்டு என்று டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜியைக் கேட்டால் பட்டியலில் கையேடு இருக்கிறது. அந்த இடத்தில் போய்ப் பார்த்தால் இல்லை. அழித்தது யார் என்று அரை நாள் தேடினேன். யாருமே அழிக்கவில்லை. அது அங்கே வந்து சேரவே இல்லை.

வாடிக்கையாளர்கள் அதை டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி மாதிரி), டெபியனின் 'ஸ்லிம்' என்ற மெலிந்த இமேஜின் மேல் நிறுவியிருந்தார்கள். இடத்தை மிச்சப்படுத்த, /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் என்ற ஃபோல்டருக்குள் போகிறவற்றை, பதிப்புரிமைக் கோப்பு தவிர, நிறுவாமல் விட்டுவிடும்படி அதில் டிபிகேஜிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. பட்டியல் பேக்கேஜிலிருந்து வருவதால் அதில் பெயர் மட்டும் தங்கிவிடும். ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ் வகைகள் பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜ்களிலும் ஆவணங்களைத் தவிர்த்து நிறுவ 'நோடாக்ஸ்' என்று ஒரு வழி உண்டு.

டெபியன் கொள்கைக் கையேட்டில் இதற்கு ஒரு விதி இருக்கிறது: அந்த டாக் ஃபோல்டரில் உள்ள எந்தக் கோப்பையும் நம்பி நிரல் இயங்கக் கூடாது. நான் அதைப் படித்திருந்தேன். 'சரி, சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள்' என்று தாண்டிப் போனவனும் நான்தான். நிரலுக்கும் தேவை, தனியாகப் படிக்கவும் உதவும் என்றால் கோப்பை /யூஎஸ்ஆர்/ஷேர் கீழே பேக்கேஜின் பெயரில் உள்ள ஃபோல்டரில் வைக்க வேண்டும். டாக் ஃபோல்டரிலிருந்து அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழிக் கோப்பு) போதும். மாற்றியது நான்கு வரி.

அதற்குப் பிறகுதான் மற்ற விதிகளையும் சந்தேகப்படாமல் படித்தேன். ஆவணங்கள் பெரிதாக இருந்தால் பெயரின் கடைசியில் 'டாக்' சேர்த்துத் தனிப் பேக்கேஜாகப் பிரிக்கலாம். ஆனால் கோப்புகளை முதன்மைப் பேக்கேஜின் டாக் ஃபோல்டரிலேயே வைக்கச் சொல்கிறார்கள். முதலில் எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. யோசித்தால் சரிதான். நிரலின் பெயர் படிக்கிறவருக்குத் தெரியும், நாங்கள் அதை எத்தனை துண்டாக வெட்டினோம் என்பது அவருக்கு எதற்கு? ஃபெடோராவில் ஒரு காலத்தில் டாக் ஃபோல்டரின் பெயரிலேயே பதிப்பு எண்ணும் ஒட்டியிருக்கும். நிரலைப் புதுப்பித்தால் நீங்கள் வைத்த புக்மார்க் செத்துவிடும். 2013-இல் வந்த ஃபெடோரா 20-இல் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள்.

உள்ளே எப்படி அடுக்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிரல் குறியீட்டிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜன் போன்ற கருவிகள் பக்கங்களைக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அவற்றை 'ஹெச்டிஎம்எல்' என்ற உள்ஃபோல்டரில் அடைத்தே ஆக வேண்டும். என் முதல் பேக்கேஜில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டியிருந்தேன். அந்தக் கூட்டத்தில் ரீட்மீ கோப்பைத் தேடியவர் என்னைத் திட்டியிருப்பார், எனக்குக் கேட்கவில்லை. பக்கங்களுக்குள் இருக்கும் லிங்க்குகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சார்பான பாதைகளாக இருக்க வேண்டும். சாய்வுக்கோட்டில் தொடங்கும் லிங்க் இணையதளத்தில் ஓடும், வட்டிலிருந்து நேராகத் திறந்தால் எங்கோ போய் முட்டும்.

டாக் ஃபோல்டரில் 4 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை ஜிஜிப் செய்து சுருக்கும் டிஹெச்_கம்ப்ரஸ் என்ற பேக்கேஜ் கட்டும் கருவி, ஹெச்டிஎம்எல்லைத் தொடாது. சுருக்கினால் பெயர் மாறும், பெயர் மாறினால் லிங்க் அறுந்துபோகும். இது கருவியே பார்த்துக்கொள்ளும் விஷயம். பார்த்துக்கொள்ளாதது எழுத்துருவும் ஜாவாஸ்கிரிப்ட்டும். வெளித் தளத்திலிருந்து அவற்றை இழுக்கும் பக்கத்தை, டெபியன் பேக்கேஜ்களில் பிழை தேடும் லின்டியன் தனியுரிமை மீறல் என்று எச்சரிக்கும். அது கண்டிப்பான கிழவர் மாதிரி என்று சிரித்திருக்கிறேன். அப்புறம், இணையமே இல்லாத ஒரு சர்வர் அறையில் எங்கள் கையேட்டின் தேடல் பெட்டி செத்துக் கிடப்பதைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் வெளியிடுவதற்கு முன் பேக்கேஜை ஒரு ஸ்லிம் கன்டெய்னரில் நிறுவி, உதவி லிங்க்கைத் தானாகத் திறந்து பார்க்கும் சோதனை ஒன்றை ஓட்டுகிறோம். இதுவரை ஒரே ஒரு முறை தோற்றிருக்கிறது. யாரோ இண்டெக்ஸ் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றியிருந்தார்; லினக்ஸுக்கு அது வேறு கோப்பு. கேட்டதற்கு, "என் மெஷினில் திறக்கிறதே" என்றார். அவருடையது விண்டோஸ்.